மீன்கொத்திப் பக்கம்

மாமல்லபுரத்தில் பழைய படங்கள் விற்ற அந்தக் கடைக்காரரைத் தொண்ணூறுகளில் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. காகிதத்தைத் தொடும் முன் ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

மேசையில் வெள்ளைக்காரன் காலத்துப் பறவைப் புத்தகம் ஒன்று கிடந்தது. அச்சடித்த படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டியிருந்தார்கள். அதில் மிச்சமிருந்த ஒரே படமான மீன்கொத்தியை எனக்காகப் பிளேடால் அறுத்து எடுத்தார்.

அப்போது ஒரு பெண் மூச்சிரைக்க வந்தார். செங்கல்பட்டிலிருந்து வருகிறாராம்.

"அண்ணே, இது எங்கப்பா புக்கு. எனக்குத் தெரியாம எங்க வூட்டுக்காரர் வித்துட்டாரு. அந்த மீன்கொத்திப் படம் மட்டுமாச்சும் மிச்சம் கீதா?"

கடைக்காரர் மீன்கொத்தியின் மேல் நிதானமாக ஒரு செய்தித்தாளை இழுத்து மூடினார்.

"படமெல்லாம் போச்சும்மா. எழுத்து கீது, எடுத்துக்கினு போ."

அறுபட்ட புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிண்ணே" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அழுதபடி இறங்கிப் போனார்.

"இன்னா சார், கட்டிடட்டா?" என்றார் கடைக்காரர் என்னிடம்.

தலையாட்டினேன். மூலை மடங்காமல் அட்டை வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

அந்த மனிதருக்கு எப்படி மனசு வந்தது என்று இன்றும் யோசிக்கிறேன். நான் படத்தோடு வெளியே வந்தபோது அந்த அம்மா தெருமுனையில்தான் நின்றிருந்தார். நானும் கூப்பிடவில்லை.