அண்ணன் மேல் எழுதிய பெற்றிசம்

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற எழுத்தைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாராவது அரசாங்கத்துக்குப் பெற்றிசம், அதாவது மனு, எழுதித் தரச் சொல்லி வந்தால், யார், யாரை, என்ன செய்தான், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மிச்சத்துக்குப் போவேன். இதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அப்பா எனக்குச் சீதனமாகத் தந்த புகையிலைத் தோட்டத்தோடு, முறைவைத்து இறைக்கிற பங்குக் கிணற்றில் ஒரு முறைத் தண்ணீரும் உறுதிப் பத்திரத்தில் இருந்தது. மற்ற முறைகள் அண்ணனுடையவை. அப்பா செத்த பிறகு, பெண்பிள்ளைக்குக் கிணற்றில் பங்கில்லை என்று அவன் நின்றான். என் கணவர் கிணற்றடிக்கு வந்தால் வெட்டுவேன் என்று சந்தியில் வைத்தே சொன்னான். அவன் சொன்னதைச் செய்கிறவன். தோட்டத்துக்குள் புகுந்த அயலவரின் மாட்டை அவன் வெட்டிச் சாய்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அரசாங்கக் கச்சேரி வாசலில் பெற்றிசம் எழுதுகிறவரிடம் போனோம். கூட வந்த அம்மா, குடும்ப மானம் கப்பலேறாமல் எழுதச் சொன்னாள். வெட்டுவேன் என்றதை எழுதுங்கள் என்றேன் நான். பெற்றிசத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு என்றார் அவர். எங்கள் பகுதிக்கு அதிகாரியான மணியகாரரின் குலப்பெருமையில் தொடங்கி, கிணறு வெட்டிய பூட்டன் கதையைச் சொல்லி, கடைசித் தாளில் சிலரால் இடையூறு என்று முடித்தார். மணியகாரர் அதைப் பங்கு வழக்கென்று நினைத்து, ஆறுதலாகப் பிறகொரு நாள் விசாரிக்க ஒதுக்கி வைத்துவிட்டார்.

எங்கள் முறை வந்த காலையில் அண்ணன் கத்தியோடு வந்தான். இறைக்கிற பட்டையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என் கணவரின் தோளில் வெட்டினான். குனிந்தவரின் முதுகில் மறுபடி வெட்டினான். கிணற்றுத் துலாவில் ஏறி மிதித்துக்கொண்டிருந்தவன் குதித்து ஓடிவிட்டான். நான் மண்வெட்டியால் அண்ணனின் முழங்கையில் அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. வாய்க்காலில் இரத்தம் கலந்து புகையிலைக் கன்றுகளுக்குப் போனது. அவன் கத்தியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, ஆசுப்பத்திரியில் வைத்தாவது முடிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மானிப்பாய் ஆசுப்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து நானே எழுதினேன். "என் கூடப்பிறந்த அண்ணன் இன்று காலை என் கணவரைக் கத்தியால் வெட்டினான். ஆசுப்பத்திரிக்கு வந்து கொல்வதாகச் சொல்லியிருக்கிறான். அவனை இப்போதே பிடிக்க வேண்டும்." அதன் கீழே பெயர்கள், இடம், கண்ட சாட்சி. வணக்கம்கூடப் போடவில்லை. அம்மா தாளைப் பறிக்க வந்தாள்.

"அண்ணையெண்டு எழுதாதை பிள்ளை. ஆரோ ஒருத்தன் எண்டு போடு."

"ஆரோ ஒருத்தனை எப்பிடியம்மா பிடிக்கிறது?"

தாளை மடித்து ஒரு பையனிடம் கொடுத்து மணியகாரரிடம் ஓட்டினேன். முதல் வரியை வாசித்ததுமே அவர் கதிரையை விட்டு எழும்பினாராம். பொழுது சாயுமுன் ஆசுப்பத்திரி வாசலில் அவருடைய ஆட்கள் அண்ணனைப் பிடித்தார்கள். இடுப்பில் கத்தி இருந்தது. விலங்கு மாட்டும்போது அவன் என் பக்கம் திரும்பவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீ எழுதினதிலை ஒரு பொய்யும் இல்லை," என்றாள் அம்மா. "அதுதான் என்ரை வயிறு எரியுது."

என் கணவர் பிழைத்தார். அம்மா சாகும்வரை அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை.