வடித்துக் கொட்டிய தண்ணீர்

எனக்கு அழுக்கு என்றாலே ஆகாது. வெள்ளிக்கிழமை திருவெறும்பூர் வீட்டைக் கொல்லைப்புறம் வரை கழுவிவிட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். திருச்சியில் பாசி வளர்க்கும் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதும் இதே கைதான்.

காவிரியில் எடுத்த பாசியைக் கண்ணாடிக் குடுவைகளில் வளர்த்து, மயில்துத்தம் கலந்து, அதிலுள்ள செம்பை எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்போம். ஒரு வாரத்துத் தண்ணீர் வழவழவென்று கிடந்தது. சகிக்கவில்லை. பாதிக் குடுவைகளில் அதை வடித்துக் கொட்டிவிட்டு, பாசியைப் புதுத் தண்ணீரில் விட்டேன். பிறகு எல்லாவற்றிலும் ஒரே அளவு துத்தம் கலந்தேன்.

இரண்டே நாளில் நான் சுத்தம் செய்த குடுவைகளில் பாசி வெளுத்துச் செத்துக் கிடந்தது. தொடாமல் விட்டவை பச்சைப்பசேலென்று இருந்தன.

எங்கள் மேடம் சிரித்தார். "அந்த வழவழப்பு பாசியே தண்ணியில விடுறதுங்க. செம்பை அதுதான் பிடிச்சு வச்சுக்கும், பாசிக்குள்ள அவ்வளவா போக விடாது. அதைப் போய்க் கொட்டிட்டீங்களே!"

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல மேடம்?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

"கேட்டுட்டா கொட்டுனீங்க?"



அந்த வெள்ளிக்கிழமையும் வீட்டைக் கழுவினேன். கடைசியாகப் பிரஷ்ஷோடு கொல்லையில் இருக்கும் அல்லித் தொட்டிக்கு வந்தேன். உள்சுவரைத் தடவினேன். வழவழவென்று இருந்தது. பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்த் தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.