நாகமணி எடுத்த படம்

ஈஜோக் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு நாகமணியைத் தெரியாமல் இருக்காது. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய திடலில், லோரிகள் நிற்கும் ஓரத்தில், கைலியும் ரப்பர் பூட்ஸுமாக நின்று ஆண்களோடு சரிக்குச் சரி பேரம் பேசுகிறவள். ஐம்பதைத் தாண்டியவள். தோட்டம் துண்டாடப்பட்டு தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தபோது கிடைத்த மலிவு விலை வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஆடு வளர்க்க ஆரம்பித்தாள். கணவர் பாலகிருஷ்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். ஒரே மகள் ஷர்மினிக்கு ரவாங்கில் அலுவலக வேலை.

நாகமணிக்கு மறக்கத் தெரியாது. தங்கை கல்யாணத்தில் தன்னைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட சித்தப்பாவின் சாவுக்குக்கூட அவள் போகவில்லை. பாலகிருஷ்ணன் மட்டும் போய் வந்தார். வந்தவரிடம் யார் யார் வந்திருந்தார்கள் என்றுகூட அவள் கேட்கவில்லை.

அப்படிப்பட்டவளைத்தான் உமாசுதன் படம் எடுத்தார்.

உமாசுதன் பெட்டாலிங் ஜெயாவில் பல் மருத்துவர். தாத்தா அந்தக் காலத்தில் இதே வட்டாரத் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவராம். படம் எடுப்பதில் பைத்தியம். மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு பெரிய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சந்தைக்கு வருவார். யாரிடமும் அதிகம் பேசமாட்டார். மாட்டுக்காரரின் சுருங்கிய கழுத்து, பேரம் பேசும் கைகள், கூண்டுக்குள் தூங்கும் சேவல் என்று எடுத்துக்கொண்டே போவார். சந்தைக்காரர்கள் அவரைக் கண்டுகொள்வதில்லை.

அந்த ஞாயிறு நாகமணி ஒரு சினை ஆட்டைக் கொண்டுவந்திருந்தாள். பத்தாங் காலியில் பண்ணை வைத்திருப்பவர் வளர்ப்பதற்காகக் கேட்டிருந்தார். வெயில் ஏறிய நேரத்தில், நாள் வருவதற்கு முன்பே, ஆட்டுக்கு வலி எடுத்துவிட்டது. குட்டியின் முன்னங்கால் மடங்கி உள்ளே மாட்டிக்கொண்டது. நாகமணி மண்ணிலேயே உட்கார்ந்து, கையை உள்ளே விட்டுக் காலை நிமிர்த்தி, குட்டியை வெளியே இழுத்தாள். குட்டி மூச்சு விட்டது. ஆனால் தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. அவள் மடியிலேயே தலையைப் போட்டுச் செத்தது. தன் கையில் பிறந்து, தன் கையால் பால் குடித்து வளர்ந்த ஆடு. நாகமணி வாய்விட்டு அழுதாள். அவள் அழுது சந்தைக்காரர்கள் பார்த்தது அன்றுதான்.

குட்டி பிறந்ததிலிருந்து ஆடு செத்தது வரை, கேமராவும் கையுமாக உமாசுதன் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

சில மாதங்கள் கழித்து ஷர்மினி வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கைப்பேசியை நீட்டினாள். ஏதோ ஒரு போட்டியில் பரிசு வாங்கிய படம். முழங்கை வரை ரத்தமாக ஒரு பெண். மடியில் செத்த ஆடு. அகலத் திறந்த வாய். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாது. குட்டி படத்தில் இல்லை. கீழே ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை. சந்தை நாள் என்று அர்த்தம் என்றாள் ஷர்மினி.

அடுத்த வாரமே படம் முகநூல் முழுக்கச் சுற்றியது. சினை ஆட்டை அறுத்தவள் என்று யாரோ எழுதினார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அதையே திருப்பி எழுதினார்கள். கால்நடை இலாகாவிலிருந்து ஆட்கள் வந்து கொட்டகையைப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிப் போனார்கள். அவர்கள் வந்ததைத்தான் ஊர் பேசியது. சொல்லிவிட்டுப் போனதை யாரும் பேசவில்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவில் அன்னதானச் சமையல் வருஷா வருஷம் நாகமணி பொறுப்பு. இந்த வருஷம் வேண்டாம், ஆட்கள் ஒருமாதிரி பேசுகிறார்கள் என்று நிர்வாகத்திலிருந்து கமலாதேவி வந்து இதமாகச் சொல்லிவிட்டுப் போனார். தீபாவளிக்கு ஆடு சொல்லி வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள்.

கழலாதவர் ஜெய்னுலாப்தீன் பாய். ஈஜோக் சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பெரியவர். தன் கடைக்கான ஆடுகளை எப்போதும் நாகமணியிடம்தான் வாங்குவார். கடையில் யாரோ அந்தப் படத்தைக் காட்டிப் பேசியபோது, “அந்தப் பொண்ணு வளக்குற ஆட்டத்தான் நீ இப்ப சாப்புடுற. புடிக்கலன்னா எந்திரிச்சுப் போ” என்று சொன்னாராம்.

உமாசுதன் அடுத்த முறை சந்தைக்கு வந்தபோது நாகமணி நேராக அவர் முன்னால் போய் நின்றாள். அதுவரை அவள் கோபப்படவில்லை. விஷயம் தெரியாமல் செய்திருப்பார், சொன்னால் இணையத்திலிருந்து எடுத்துவிடுவார் என்றுதான் நினைத்திருந்தாள். படத்தை எடுத்துவிடச் சொன்னாள். குட்டி பிழைத்ததை எழுதச் சொன்னாள்.

உமாசுதன் பொறுமையாகக் கேட்டார். பரிசு வாங்கிய படத்தை அப்படியெல்லாம் எடுக்க முடியாது என்றார். பார்க்கிறவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது தன் கையில் இல்லை என்றார்.

“அக்கா, நான் பொய்யா ஒண்ணும் எழுதல. சந்தை நாள்னு மட்டும்தான் போட்டேன். வேணும்னா உங்களுக்கு ஒரு காப்பி ஃப்ரேம் போட்டுத் தரேன்.”

அந்த நிமிஷத்தில்தான் அவள் முடிவு செய்தாள். தலையை ஆட்டிவிட்டுத் தன் ஆடுகளிடம் திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகு நாகமணி சந்தையில் படம் எடுக்க ஆரம்பித்தாள். நல்ல கேமரா உள்ள கைப்பேசியாகப் பார்த்து வாங்கினாள். எதை அமுக்க வேண்டும், எப்படிப் பெரிதாக்க வேண்டும் என்று ஷர்மினியிடம் கேட்டுக்கொண்டாள். எதற்கு என்று சொல்லவில்லை. முதலில் சந்தைக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். பிறகு அவர்களே வந்து நின்றார்கள். புது மாட்டோடு ஒருவர், பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர், பெருநாள் சட்டையில் ஒருவர். எல்லாரையும் எடுத்து அவரவருக்கே அனுப்பினாள். நாகமணி கையில் கைப்பேசியோடு நிற்பது சந்தைக்குப் பழகிப்போனது. அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

எல்லாருக்கும் நடுவில் அவள் உமாசுதனை எடுத்தாள். சாணியில் கால் வைத்து முகம் சுளித்தபோது, வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியபோது, வாய் நிறைய ரொட்டி சானாயோடு பேசியபோது. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். எல்லாம் சிரிக்க வைக்கிற படங்கள். அவளுக்குச் சிரிப்பு வேண்டாம். தன் பெயர் போன மாதிரி அவர் பெயர் போக வேண்டும். சாப்பிடும்போதும் கொட்டகை கழுவும்போதும் அதையே நினைத்தாள். “விட்டுரு லா, அவன் ஒரு ஆளுன்னு” என்று பாலகிருஷ்ணன் ஒருநாள் சொல்லிப் பார்த்தார். அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டு அவர் முன்னால் கொஞ்சம் பலமாகவே வைக்கப்பட்டது. அவர் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய சந்தை எப்போதும் திருவிழா மாதிரிதான் இருக்கும். குர்பானிக்கு மாடு பார்க்க வருகிறவர்களும் லோரிகளும் நெரிக்கும். அந்தக் கூட்டத்தில் ஜெய்னுலாப்தீன் பாய் ஒரு கிடாயின் கயிற்றைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தார்.

முதலில் ஓடி வந்தது உமாசுதன். முட்டிபோட்டு உட்கார்ந்து, பாயின் சட்டைப் பொத்தான்களைப் பிய்த்து மார்பைத் திறந்துவிட்டார். நாடி பார்த்தார். பாய்க்கு நெஞ்சு வலி உண்டு, மாத்திரை வைத்திருப்பார் என்று யாரோ கத்த, பையில் கைவிட்டுத் துழாவினார். முதலில் கையில் வந்தது பர்ஸ்.

நாகமணி நாலடி தள்ளி நின்றிருந்தாள். கைப்பேசி கையில் இருந்தது. மண்ணில் மல்லாந்து கிடக்கும் கிழவர். விலகிய சட்டை, மேலேறிய வயிறு, ஒரு பக்கம் கோணிய வாய். அவர் மேல் குனிந்து, பர்ஸை உருவும் கை. அந்த ஆளின் கழுத்தில் விலை உயர்ந்த கேமரா.

அவள் அமுக்கினாள். அதன் பிறகுதான் சந்தை ஓரம் நின்ற வேன் ஒன்றைக் கூப்பிட ஓடினாள்.

பர்ஸுக்குள் மாத்திரை இருந்தது. உமாசுதன் அதை எடுத்துப் பாயின் நாக்குக்கு அடியில் வைத்தார். தலையைத் தன் மடியில் தாங்கியபடி வேனில் மருத்துவமனைக்குக் கிளம்பினார். இத்தனையும் நாகமணி பார்த்தாள். வேன் போன பிறகு லோரி நிழலில் உட்கார்ந்து, அந்த ஒரு படத்தை மட்டும் முகநூலில் போட்டாள். சந்தை நாள் என்று எழுதினாள். வேறு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

சாயங்காலம் ஷர்மினி பதறிக்கொண்டு வந்தாள். “அம்மா, அவருதான் பாயக் காப்பாத்துனாரு லா. எல்லாரும் சொல்றாங்க.”

“தெரியும்,” என்றாள் நாகமணி. “நான் இல்லன்னு எழுதலையே.”

நாகமணி நினைத்ததைவிடப் படம் வேகமாகப் போனது. மயங்கிக் கிடக்கும் கிழவரிடம் திருடும் ஆள் என்று பேசினார்கள். அது யார் என்று கண்டுபிடித்தார்கள். கிளினிக்கின் பெயரைப் போட்டு, அங்கே போகாதீர்கள் என்று எழுதினார்கள். பரிசு கொடுத்தவர்கள் விளக்கம் கேட்டார்களாம். நாகமணி ஒன்றுவிடாமல் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஆங்கிலத்தில் இருந்ததை ஷர்மினி வேண்டாவெறுப்பாக மொழிபெயர்த்தாள். பல நாட்களுக்குப் பிறகு நாகமணிக்குச் சாப்பாட்டில் ருசி தெரிந்தது. மீன் குழம்பு வைத்து, இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

உமாசுதன் வீடு தேடி வந்தார். கேமரா இல்லை. கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது. வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். நாகமணி உள்ளே கூப்பிடவில்லை.

“அக்கா, அங்க என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க பக்கத்துலதான நின்னீங்க.”

“நீயும் பக்கத்துலதான நின்ன.”

அவரை அவள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. உமாசுதன், தான் செய்தது தப்பு என்றார். குட்டி பிறக்கும் படங்கள் தன்னிடம் இருக்கின்றன, அவற்றைப் போட்டு, நடந்ததை அப்படியே எழுதி, பரிசையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். பதிலுக்கு அவள் அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும்.

“நீ போடு. போடணும்னா போடு,” என்றாள் நாகமணி. “நான் எடுக்க மாட்டேன்.”

கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். அவருடைய கார் கிளம்பும் சத்தம் கேட்க வெகு நேரமானது.

உமாசுதன் சொன்னபடியே செய்தார். குட்டியின் படத்தைப் போட்டார், மன்னிப்புக் கேட்டார். அதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். கமலாதேவி பார்த்திருந்தார். அடுத்த வருஷம் அன்னதானத்துக்கு வந்துவிட வேண்டும் என்று நாகமணியிடம் சொன்னார். பார்க்கலாம் என்று மட்டும் நாகமணி பதில் சொன்னாள்.

தான் போட்ட படத்தை அவள் எடுக்கவில்லை.

ஜெய்னுலாப்தீன் பாய் உடம்பு கொஞ்சம் தேறியதும் வந்தார். மகன் ரஹ்மத் காரை வாசலில் நிறுத்தினான். பாயால் நடக்க முடியவில்லை. கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். நாகமணி தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் வாங்கவில்லை.

“பேத்தி பள்ளிக்கூடத்துல அந்தப் படத்த வச்சு சிரிக்கிறாங்களாம்மா. வயித்தத் தொறந்து போட்டுக்கிட்டு, வாய் கோணிக் கெடக்கேன். என் பொண்டாட்டிகூட என்னைய அப்படிப் பாத்ததில்ல.”

நாகமணி கையில் கிளாஸோடு நின்றாள்.

“அவரு மேல உனக்குக் கோவம். நியாயம்தான், நானே சொல்லுவேன். நான் என்னம்மா செஞ்சேன் உனக்கு?”

எத்தனையோ மாதங்களாக உமாசுதனின் முகத்தை மட்டும்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் கிடந்த இன்னொரு முகத்தை, அதை எடுத்தபோதும் சரி, போட்டபோதும் சரி, அவள் பார்க்கவே இல்லை. அவளுக்கு ஆதரவாக ஊரில் பேசிய ஒரே வாய் அது.

கிளாஸைக் காரின் கூரை மேல் வைத்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே படத்தை அழித்தாள். இரண்டு தடவை தவறாக அமுக்கினாள். ரஹ்மத் தேநீர்க் கிளாஸை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுக் காரை எடுத்தான். மற்றவர்கள் சேமித்து வைத்திருந்த பிரதிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. அதை அவளாலும் நிறுத்த முடியவில்லை.

உமாசுதன் அதற்குப் பிறகு சந்தைப் பக்கம் வரவில்லை. கேமராக்களை விற்றுவிட்டார் என்று ஷர்மினி கேள்விப்பட்டு வந்து சொன்னபோது, நாகமணி தீனி கலந்துகொண்டிருந்தாள். “விக்கட்டும்” என்றாள். பாவமாக இல்லையா என்று மகள் கேட்டாள். அவருக்காக எதற்கு, என்று நாகமணி திருப்பிக் கேட்டாள். அதில் பொய் இல்லை. உமாசுதனுக்குச் செய்ததை நினைத்து அவள் இன்றுவரை ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை.

ஜெய்னுலாப்தீன் பாய் இப்போது பத்தாங் காலிப் பண்ணையிலிருந்து ஆடு எடுக்கிறார். நாகமணி சந்தை முடிந்து வரும் வழியில் அவர் கடையில் இறங்கி, ஓரத்து மேசையில் உட்கார்ந்து தேநீர் சொல்வாள். பாய் கல்லாவில்தான் இருப்பார். முன்பெல்லாம் எழுந்து வந்து ஆட்டு விலை கேட்பார், கொட்டகை எப்படி என்று விசாரிப்பார். இப்போது வேலைக்காரப் பையன்தான் தேநீரைக் கொண்டுவந்து வைக்கிறான். அவள் குடித்துவிட்டு, கல்லாவைப் பார்த்து, “வரேன் பாய்” என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிறாள். சில ஞாயிறுகளில் அவர் தலையை அசைக்கிறார். சில ஞாயிறுகளில் அதுவும் இல்லை.