முகவுரை துபே ஜெயித்த வழக்கு

ஜபல்பூர் உயர்நீதிமன்றத்தில் கிரிஜாசங்கர் துபேக்கு ‘முகவுரை துபே’ என்றுதான் பெயர். பஸ் பர்மிட் வழக்கானாலும் பென்ஷன் வழக்கானாலும், கண்ணை மூடிக்கொண்டு “இந்திய மக்களாகிய நாம்” என்று அரசியல் சாசனத்தின் முகவுரையை ஆரம்பித்துவிடுவார். சட்டப் பிரிவைப் புரட்டச் சோம்பல். அதற்கு அவர் வைத்த பெயர் தத்துவம்.

“முகவுரைதான் சாசனத்தோட ஆத்மா, மை லார்ட்! அதை விட்டுட்டு சட்டத்தைப் படிச்சா கையில மிஞ்சறது வெறும் பொணம்!”

குரல் தழுதழுக்கும். கட்சிக்காரர்களும் அழுவார்கள். தீர்ப்பு வந்ததும் இன்னொரு தடவை அழுவார்கள்.

அவர் குடியிருந்த காலனியின் கூட்டுறவுச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அங்கே ஹரிஹர் பாடக் என்ற ரிட்டயர்டு தபால்காரர், மகளோடு போய்த் தங்குவதற்காக வீட்டை விற்க நினைத்தார். வாங்க வந்தவள் பூல்வதி மராவி, அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், கோண்டு பழங்குடிப் பெண். சங்கம் மறுத்தது. தங்கள் சாதிக்காரருக்கு மட்டும்தான் வீடு என்று விதி இருக்கிறதாம். அதே கோர்ட்டில் வக்கீலாக இருந்த நான் பாடக்குக்காக வழக்குப் போட்டேன். சங்கத்துக்காக துபேயே வந்து நின்றார்.

“சமத்துவம், சகோதரத்துவம், தனிமனித கண்ணியம்னு முகவுரை சொல்லுது. அந்த வெளிச்சத்துல இந்த விதியைப் படிக்கணும்,” என்றேன்.

அன்றைக்கு துபே கண்ணை மூடவில்லை. “முகவுரைங்கறது வாசல்ல கட்டற தோரணம், மை லார்ட். சட்டத்தோட வார்த்தையில குழப்பம் இருந்தாத்தான் அந்தப் பக்கம் திரும்பணும். சங்கம் தன் விதியைத் தானே போட்டுக்கலாம்னு சட்டம் தெளிவா சொல்லுது.”

நீதிபதி சிரித்துவிட்டார். “துபேஜி, ஆத்மா எப்போ தோரணமாச்சு?”

“கேஸைப் பொறுத்தது, மை லார்ட்.”

வெட்கம் என்ற வஸ்து அந்த முகத்தில் மருந்துக்கும் இல்லை. வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதையே நீதிபதி தீர்ப்பாக எழுதினார். அத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் உருப்படியாகச் சட்டம் பேசியது அன்றைக்குத்தான். அதுவும் ஒரு நர்ஸை வாசலோடு திருப்பி அனுப்ப.

கேன்டீனில் எல்லோருக்கும் பால்கோவா ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். என் பக்கமும் தட்டைத் தள்ளினார். “மனசுல வச்சுக்காதீங்க பஹன்ஜி, நீங்க என் சகோதரி மாதிரி. நாளைக்கே உங்க கட்சிக்காரர் என்கிட்ட வந்தா, இதையே மாத்திப் பேசுவேன்.”

பூல்வதி என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். “போன மழைக்காலத்துல ஆபரேஷன் முடிஞ்சு எங்க வார்டுல கெடந்தீங்களே சாப், உங்க மூத்திரப் பையை மாத்தினது நான்தான். அப்போ என்ன சாதின்னு கேக்கலையே?”

“அது ஆஸ்பத்திரிம்மா. இது வீடு,” என்று சொல்லிவிட்டு இன்னொரு ஜிலேபியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நான் தட்டைத் தொடவில்லை. பூல்வதி ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு பார்த்துக்கொண்டாள். பாடக் அலுத்துப்போய், துபேயின் மைத்துனன் கேட்ட விலைக்கே வீட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.