படிக்கட்டுச் சுவரின் கண்ணாடி

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. இது நடந்தது. குகனேஸ்வரி இன்னும் இத்தாலியில், பலெர்மோவில்தான் இருக்கிறாள். காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு என்று தரை துடைக்கிறாள். சுவரைத் துடைக்கச் சொன்னால் மட்டும் அந்த வீட்டு வேலையை விட்டுவிடுவாள். ஏன் என்று எந்த வீட்டுக்காரச் சிஞ்ஞோராவிடமும் அவள் சொன்னதில்லை.

1997ஆம் ஆண்டு. பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில், பல்லாரோ சந்தைக்குப் பின்புறச் சந்தில், கொமூனே எனும் மாநகரசபைக்குச் சொந்தமான பழைய பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் அங்கே படித்து எவ்வளவோ காலம். வகுப்பறைகளைப் பலகையால் மறித்து, போக இடமில்லாதவர்களைச் சபை குடிவைத்திருந்தது. கீழே மொரீஷியஸ்காரர். மேலே யாழ்ப்பாணத்தார்.

கட்டடத்தைத் திருத்துவதா, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா? சபை இரண்டு வருடமாக இதைத்தான் பேசியது. திருத்தினால் செலவு குறைவு என்றார்கள் ஒரு பக்கத்தார். கிழட்டுக் கட்டடத்தில் காசைக் கொட்டுவது மடத்தனம் என்றார்கள் மறுபக்கத்தார். அவர்கள் பேசி முடிப்பதற்குள் இரண்டு மாரி மழை கூரையால் இறங்கிவிட்டது.

கடைசியில் ஒரு பொறியியலாளர் வந்தார். படிக்கட்டுச் சுவரில் மேலிருந்து கீழாக ஓடிய வெடிப்புக்குக் குறுக்கே, விரல் அகலக் கண்ணாடிப் பட்டி ஒன்றை வைத்தார். அதன் இரு முனைகளையும் வெள்ளைச் சாந்தால் ஒட்டினார். சாந்து காயுமுன் ஆணியால் திகதியைக் கீறினார்.

"சுவர் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடையும்," என்றார். "உடைந்தால் இடிப்போம். கோடைவரை உடையாமல் இருந்தால் திருத்துவோம்."

மேல் மாடியில் இருந்த குகனேஸ்வரிக்கு அந்தக் கண்ணாடிதான் எல்லாம். எட்டு வயது மகன் மயூரதன் வன்னியில், மல்லாவியில், அவளுடைய தங்கை சந்திரமதியோடு இருந்தான். கணவன் இல்லை. பிள்ளையைக் கூப்பிட அவளிடம் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி இருந்தது, வேலை இருந்தது. குடியிருக்கத் தகுந்த இடம் என்ற சான்றிதழ் மட்டும் இல்லை. கட்டடத்தின் விதி முடிவாகாமல் அதைத் தரமுடியாது என்றது சபைக் கந்தோர். இடிப்பதென்றால், குடும்பமாக இருப்பவர்களுக்கு நகர ஓரத்தில், பிரான்காச்சோவில் வீடு. தனி ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

பிள்ளை வந்தால் அவள் குடும்பம். ஆனால் குடும்பமாக இருந்தால்தான் வீடு, வீடு இருந்தால்தான் பிள்ளை வரலாம். இந்தக் கணக்கை அவள் கந்தோரில் சொல்லிப் பார்த்தாள். அங்கே இருந்தவன் தோளைக் குலுக்கினான்.

சித்திரையில் கண்ணாடி உடைந்தது. முதலில் கண்டது அடுத்த அறை றஞ்சித். அவன் பிரான்காச்சோவில் யன்னல் கண்ணாடி வெட்டும் பட்டறையில் வேலை செய்தான். ஒரு ஞாயிறு காலை, பேப்பரில் சுற்றிய நாலைந்து பட்டிகளோடும் ஒரு பை சாந்தோடும் வந்தான்.

"பட்டறையிலை குப்பைக்குப் போற துண்டுகள் அக்கா. கொஞ்சம் தண்ணி எடுங்கோ."

"பிடிபட்டால் என்னடா செய்யிறது?"

"கண்ணாடியை உடைச்சாத்தான் பொலிஸ் வரும். ஒட்டினதுக்கு ஆர் வாறது?"

"சுவர் உண்மையா அசையுதோ என்னவோ."

"அசையட்டும். கொமூனே ரெண்டு வருசமா அசையேல்லை. சுவராவது அசையட்டும்."

அவள் சிரித்துவிட்டாள். கொண்டை ஊசியால் பழைய திகதியை அப்படியே கீறினாள். இலக்கங்கள் பொறியியலாளரின் கையெழுத்துப் போலவே வந்தன.

அதன் பிறகு இன்னொரு தடவை உடைந்தது. இன்னொரு தடவை ஒட்டினார்கள். வெடிப்பு வந்தால் பூசுவதுதானே வழக்கம்? அதைப் பிழையென்று யாரும் நினைக்கவில்லை.

கீழ் அறை தேவிஷாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அவளோடு இத்தாலியனில்தான் கதைக்க வேண்டும். உலகப்போரில் குண்டு போட்ட நாளில் இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஆட்கள் ஒளிந்திருந்தார்களாம். சிலர் வெளியே வரவேயில்லையாம். சந்தையில் மீன் விற்கும் கிழவர் சொன்னதாம்.

"மதியத்தில் அந்தப் படிக்கட்டில் தனியே நிற்காதே," என்றாள்.

"ஏன்?"

"தட்டுகிறார்கள்."

குகனேஸ்வரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை. பொறியியலாளர் கடைசித் தடவையாகப் பார்க்க நான்கு மணிக்கு வருவதாக அறிவித்திருந்தார்கள். அவள் காலை வேலையை முடித்து வரும்போது இரண்டேகால். ஷிரொக்கோ வீசியது. ஆபிரிக்காவிலிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்றில் வானம் பழுப்பாகக் கிடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த நகரம் யன்னல்களை அடைத்துக்கொண்டு தூங்கும். பல்லாரோவில் மீன் தட்டுகளின் மேல் சாக்கு விரித்திருந்தது. சந்தில் ஒரு நாய்கூட இல்லை.

கட்டடத்தில் ஒருவரும் இல்லை. எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

ஏறும்போது கண்ணாடியைப் பார்த்தாள். முழுசாக இருந்தது. நெஞ்சில் கை வைத்து, "அப்பனே முருகா," என்று சொல்லிவிட்டு மேலே போனாள். கைப்பையை வைத்தாள். செருப்பைக் கழற்றினாள்.

டிங்...

சின்னச் சத்தம். கரண்டி தவறி விழுந்தது போல.

இறங்கி ஓடினாள். கண்ணாடி நடுவில் உடைந்திருந்தது. படியில் கொஞ்சம் தூசி. அந்தச் சுவரின் கல் மஞ்சள். உதிர்ந்தால் மஞ்சளாகத்தான் உதிரும். இது சிவப்பு மண். ஷிரொக்கோ கொண்டு வந்திருக்கும் என்று நினைத்தாள். விரலால் தொட்டாள். ஈரமாக இருந்தது.

காற்றுக் கொண்டு வரும் தூசி எப்படி ஈரமாகும்?

யோசிக்க நேரமில்லை. மணி இரண்டரை. சாந்தைக் குழைத்தாள். பழையதைச் சுரண்டி எடுத்து, புதுப் பட்டியை வைத்து, திகதியைக் கீறினாள்.

டக்... டக்...

மேலே யன்னல் கதவு அடிக்கிறது என்று நினைத்தாள்.

டக்... டக்... டக்...

யன்னல் இல்லை. அவளுடைய முகத்துக்கு நேரே, சுவருக்குள்ளே.

டிங்.

ஒட்டிய பட்டி அவள் கண்முன்னே உடைந்தது. சாந்து இன்னும் காயவில்லை. வெடிப்பு விரல் நுழையும் அளவுக்கு விரிந்திருந்தது. உள்ளே இருட்டு. அதற்குள்ளிருந்து சூடாகக் காற்று வந்தது. கொஞ்சம் வந்து நின்றது... மறுபடி வந்தது... நின்றது.

மூச்சு.

அவள் இரண்டு படி கீழே இறங்கினாள். வாசல் தெரிந்தது. ஓடியிருக்கலாம்.

நான்கு மணிக்கு அவர் வருவார்.

ஓடவில்லை. திரும்பி ஏறினாள். வெடிப்பருகே வாயை வைத்தாள்.

"ஆர்?"

சத்தம் நின்றது.

பிறகு... டக்டக்டக்டக்டக். நிறுத்தாமல். கதவுக்கு வெளியே ஆள் நிற்பது தெரிந்துவிட்டால் எப்படித் தட்டுவார்களோ, அப்படி.

தேவிஷா சொன்னவர்கள்தான். அவளுக்குச் சந்தேகமே இல்லை. பயத்தோடு கோபமும் வந்தது. அரை நூற்றாண்டு பொறுத்தவர்களுக்கு இன்றைக்குத்தானா அவசரம்?

"உங்கடை காலம் முடிஞ்சுது," என்றாள் மெதுவாக. "இனி வெளியிலை வந்து என்ன செய்யப்போறியள்? என்ரை பிள்ளை வரவேணும். என்னை விடுங்கோ."

தட்டல் நிற்கவில்லை.

பையில் மிஞ்சிய சாந்து முழுவதையும் குழைத்தாள். வெடிப்புக்குள் திணித்தாள். விரலால் அமத்தி உள்ளே தள்ளினாள். மேலே பூசினாள். கடைசிப் பட்டியை வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்தாள்.

சுவர் திருப்பி அழுத்தியது.

அவள் விடவில்லை. தோளைக் கொடுத்து அழுத்தினாள்.

சாந்து இறுகும்போது சூடாகும். அது அவளுக்குத் தெரியும். உள்ளங்கை சுட்டது.

டக்... டக்...

டக்...

...

சூடு ஆறியது. கையை எடுத்தாள். கண்ணாடி முழுசாக இருந்தது.

மணி மூன்று பத்து. மணிக்கூட்டைப் பார்த்தது அவளுக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

நான்கு மணிக்குப் பொறியியலாளர் வந்தார். பேனாவால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். சாந்தை விரலால் தடவினார். விரலில் வெள்ளை ஒட்டியது. அவளைப் பார்த்தார். அவளுடைய நகங்களையும் பார்த்தார். விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நல்ல சுவர்," என்றார்.

புரட்டாதியில் முடிவு வந்தது. திருத்துவது. மேலிடத்தில் அதை எப்போதோ தீர்மானித்துவிட்டார்களாம். பொறியியலாளர் வந்தது பத்திரிகைக்காரரைச் சமாளிக்கத்தானாம். இதை றஞ்சித் எங்கேயோ கேட்டுவந்து சொன்னான்.

"அப்ப நாங்கள் ஒட்டினது?"

"சும்மா அக்கா. உடைஞ்சிருந்தாலும் இதேதான் முடிவு."

திருத்த வேலை என்றால் முகப்புக்கு மஞ்சள் நிறம் அடித்ததுதான். உள்ளே ஒருவரும் வரவில்லை. ஐப்பசியில் அவளுக்குச் சான்றிதழ் கிடைத்தது. அன்றைக்குக் கடலை மாவு வாங்கி லட்டுச் செய்து, கீழும் மேலும் எல்லாருக்கும் கொடுத்தாள். மகனுக்கு ஒரு குளிர்ச் சட்டையும் வாங்கினாள். வன்னிக்குத் தொலைபேசி கிடையாது. கடிதம் போனால் போகும்.

கார்த்திகையில் தங்கை எப்படியோ வவுனியாவுக்கு வந்து சேர்ந்தாள். அங்கிருந்து அழைத்தாள். தான் போட்ட கடிதம் கிடைக்கவில்லையா என்று முதலில் கேட்டாள். கிடைக்கவில்லை.

"சந்திரமதி... பிள்ளை எங்கை?"

ஆனி மாதம் ஷெல் அடித்தார்களாம். பின்னேரம், விளக்கு வைக்கிற நேரம். வீட்டுக்குப் பின்னால் வெட்டியிருந்த பங்கருக்குள் மயூரதனும் தங்கையின் மகள் கேசிகாவும் ஓடினார்களாம். பங்கர் வாசல் இடிந்து மூடிவிட்டது. தொடர்ந்து ஷெல் விழுந்ததால் ஒருவரும் கிட்டப் போகமுடியவில்லை. விடியத்தான் தோண்டினார்கள். கேசிகாவை உயிரோடு எடுத்தார்கள்.

"எந்த நாள்?"

"வியாழக்கிழமை."

அங்கே விளக்கு வைக்கும்போது பலெர்மோவில் மதியம் மூன்று மணி.

"கேசிகா ஒண்டைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுறாள் அக்கா. எங்களுக்கு விளங்கேல்லை. அது முழுக்கச் செம்மண் பங்கர். மேலை பனங்குத்தியும் மண் மூட்டையும். சீமெந்தோ சுண்ணாம்போ ஒண்டுமில்லை. அவள் சொல்லுறாள்... இருட்டுக்குள்ளை ஒரு வெளிச்சக் கீறு தெரிஞ்சதாம். வெளியிலை ஒரு பொம்பிளை நிண்டவவாம். தம்பி தட்டினவனாம். அவ ஏதோ கதைச்சிட்டு, வெள்ளையா எதையோ பூசி மூடினவவாம்."