துண்டம் தொடாத நாற்பது நாள்

தவக்காலத்துக்குக் கறியை விடுவது எங்கள் குப்பத்தில் ஒரு கூத்து. கல்யாணத்துக்கும் ஆண்டவர் உயிர்த்த ஞாயிற்றுக்கும் தவிர ஆட்டுக்கறியைக் கண்ணால் காணாத ஏரி வலைக்காரர்கள் நாங்கள். இல்லாததை விட்டதற்கு, சாமியார் வராத நாட்களில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் எங்களை மெச்சுவார். அந்த வருஷம் சாம்பல் பூசிய புதனன்று எனக்குப் பக்தி தலைக்கேறிவிட்டது. கோயில் நடுவில் எழுந்து, "கறி கெடக்கட்டும் ஐயா! நாப்பது நாளும் நான் மீனே தொடமாட்டேன்" என்றேன்.

உபதேசியாரே அசந்துபோனார். "அப்படி இருந்துட்டா பெரிய வெள்ளிக்கு முன்கட்டைய நீயே தூக்கு" என்றார்.

எனக்கு வேண்டியதே அதுதான். பாடுபட்ட ஆண்டவரின் சுரூபத்தைச் சுமக்கும் சப்பரத்தின் முன்கட்டையை வருஷா வருஷம் என் மச்சான்தான் தூக்குவான். பின்கட்டையில் நான் அவன் முதுகைப் பார்த்தபடி நடப்பேன். கோட்டையிலிருக்கும் ஒல்லாந்தர்கள் வேறு சபை, அவர்களுக்குச் சுரூபமென்றாலே ஆகாது, அதனால் ஊர்வலம் எங்கள் மணல்மேட்டோடு சரி. ஆனாலும் முன்கட்டை முன்கட்டைதானே!

"இன்னாய்யா, பைத்தியமா புட்ச்சிகீது?" என்றாள் என் மனைவி.

முதல் வாரம் வாடிய முகத்தோடு குப்பம் முழுக்கச் சுற்றினேன். நாலு பேர் காரணம் கேட்டால் நாலு பேருக்கும் விளக்கமாகச் சொன்னேன். இரண்டாம் வாரம் காற்று திரும்பி, வலை நிறைய மடவை மீன் விழுந்தது. பாழாய்ப்போன மடவை, அப்போது பார்த்துச் சினை வைத்திருந்தது! ஜெபமாலையைக் கையில் எடுத்தால் குழம்பு வாசனைதான் வந்தது.

"மே, துண்டம் வேணாம். கொழம்பு மட்டும் ஊத்து" என்றேன். குழம்பென்பது புளியும் மிளகாயும்தானே? அடுத்த வாரம் இறால். செதிலும் இல்லை, முள்ளும் இல்லை, அது என்ன மீன்? அதற்கடுத்து நண்டு. காலால் நடக்கிற ஜந்துவை யார் மீனென்பார்கள்? மனைவி கேட்டதையெல்லாம் பரிமாறினாள். நான் தின்றுவிட்டு வலைக்குப் போனபிறகுதான் அவள் சாப்பிடுவாள், எங்கள் வீட்டு வழக்கம் அது. "நான் வயித்த கட்டிக்கினு கீறேன், உன் தங்கச்சி துண்டத்தையெல்லாம் வழிச்சித் துன்றா" என்று மச்சானிடம் குறைபட்டுக்கொண்டேன்.

பெரிய வெள்ளியன்று எல்லோர் முன்னாலும் உபதேசியார், "மீன் தொட்டியா?" என்று கேட்டார். பெண்கள் வரிசையில் மனைவி நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மானம் ஏரியோடு போய்விடும்.

"ஒரு துண்டங்கூட தொடல ஐயா!" என்றேன்.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். முன்கட்டை என் தோளில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை கறியும் சமைத்தாள், மடவையும் சமைத்தாள். பண்டிகை என்பதால் சேர்ந்தே உட்கார்ந்தோம். கறிச்சட்டியை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. மடவைத் தலையை எடுத்து முள் முள்ளாக உறிஞ்சினாள்.

"இன்னாமே, நாப்பது நாளா மீனே காணாத மாரி துன்றே?" என்று சிரித்தேன்.

"ஆமா" என்றாள்.

"அப்ப துண்டமெல்லாம்?"

"பக்கத்து வூட்டு அக்காவுக்கு. ஆம்பள இல்லாத வூடு இல்ல?"

"ஏன்மே சொல்லல?"

"இன்னாத்துக்குச் சொல்லணும்?" என்று கேட்டுவிட்டு மீன் கண்ணை நோண்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. வாயிலிருந்த கறியைத் தண்ணீர் குடித்து இறக்கினேன்.

அடுத்த வருஷம் முன்கட்டையை மச்சானுக்கே விட்டுக்கொடுத்தேன். விட்டுக்கொடுத்ததைக் குப்பத்தில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன்.