பொன்னுத்தங்கத்தின் கட்டைப்பை

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் மழை எட்டிப் பார்ப்பதே அதிசயம். அப்படிப்பட்ட ஊரில் கண்மாய் உடையப் போகிறது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? பொன்னுத்தங்கம் நம்பினாள். புயல் மழை விட்டபாடில்லை, தண்ணீர் வாசற்படியைத் தொட்டுவிட்டது. பள்ளிக்கூடத்தில் போய்த் தங்குவதற்காகக் கட்டைப்பையை எடுத்து வைத்து அடுக்கினாள்.

ஆதாரும் ரேஷன் கார்டும் பாலித்தீன் பைக்குள் போயின. சுகர் மாத்திரை, டார்ச் லைட், மாற்றுச் சேலை, கொஞ்சம் பொரிகடலை. மேலாக, மறக்காமல் போன் சார்ஜர். ஒண்டிக்கட்டைக்கு இது போதாதா? கோயம்புத்தூரில் இருக்கும் மகன் சூர்யபிரகாஷ், "வேலை நேரத்துல கூப்பிடாதம்மா, நானே பேசுதேன்" என்று சொன்னதிலிருந்து அவள் கூப்பிடுவதில்லை. அவனும் பேசவில்லை. ஊர் மழையைத்தான் டிவியில் ஓயாமல் காட்டுகிறார்களே, இன்றைக்காவது கூப்பிட மாட்டானா என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

வாசலில் ஹாரன் கேட்டது. பள்ளிக்கூடத்துக்கு ஆள் ஏற்ற வந்தது அவள் தினமும் வேலைக்குப் போகும் பட்டாசுக் கம்பெனி வேன். அதுதான் வினையாகப் போயிற்று. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஹாரன் கேட்டால் போனை அலமாரியில் வைத்துவிட்டு ஓடுவது வருஷக்கணக்கான பழக்கம். கை தன்பாட்டுக்கு வைத்தது, கால் ஓடியது.

பள்ளிக்கூடத்தில் சார்ஜரை வெளியே எடுத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பிப் போக யாரும் விடவில்லை. கூட வேலை பார்க்கும் மாரிசெல்வி அவள் நம்பருக்கு ஒரு தடவை அடித்துப் பார்த்தாள்.

"ரிங் போகுது சித்தி, போன் நனையல. மகன் நம்பரச் சொல்லுங்க, என் போன்ல இருந்து பேசுங்க."

"வேண்டாந்தாயி. அவனே கூப்பிட்டுக்கிட்டுதான் இருப்பான். நான் எடுக்கலன்னு பாவம், பதறிப் போயிருப்பான்."

அப்படிச் சொல்ல அவளுக்கு எம்புட்டு ஆசையாக இருந்தது! தன்னைக் காணோமென்று ஒரு உயிர் தவிக்கிறது என்ற நினைப்பிலேயே அந்தக் கூட்டத்துக்கு நடுவில் படுத்துத் தூங்கினாள்.

மழை வெறித்து மறுநாள் வீட்டுக்கு வந்ததும், கணுக்கால் தண்ணீரில் நின்றபடியே போனை எடுத்தாள். ஒரே ஒரு மிஸ்டு கால் இருந்தது. அது மாரிசெல்வி அடித்தது.

அவளே மகனைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா, அவசரமா? வேலையா இருக்கேன்."

"அதெல்லாம் இல்லய்யா. சும்மாதான்."

"அங்கன மழை கிழை உண்டா?"

"லேசாத் தூத்தல் போட்டுச்சு. நீ வேலையப் பாருய்யா."

போனை வைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பார்க்க ஆளில்லாததால் சத்தமாகவே அழுதாள். பிறகு வாளியை எடுத்து வீட்டுக்குள் நின்ற தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றத் தொடங்கினாள்.